சாய்கோடு இட்ட ஈ: ஓர் எழுத்தின் பைட்டுகளைத் தேடிய அனுபவம்

பிரெஞ்சு கற்பதற்காக நான் சேர்த்து வரும் சொற்பட்டியலில் 'கஃபே' என்ற சொல்லைத் தேடியபோது, அது திரையில் கண்ணெதிரே இருந்தும், நான் எழுதிய பைத்தான் நிரல் அப்படியொரு சொல்லே இல்லை என்று விடை தந்தது. அச்சொல்லின் கடைசி எழுத்து, தலைமேல் சாய்கோடு இட்ட சிறிய ரோமன் எழுத்து ஈ (é). சிக்கல் அங்கேதான் இருக்க வேண்டும் என்று தோன்றியதால், அந்த ஓர் எழுத்தைக் கணினி எப்படிச் சேமிக்கிறது என்பதை அடியிலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.

முதல் மாலை சாய்கோடு இல்லாத ஈயுடன் கழிந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு எண் தரும் பழைய அட்டவணையான ஆஸ்கியில் பெரிய ஈக்கு 69, சிறிய ஈக்கு 101. இடைவெளி 32, அதாவது ஒரே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) மாறினால் பெரிய எழுத்து சிறியதாகிவிடும். ஆனால் ஆஸ்கியில் இருப்பவை 128 இடங்களே. சாய்கோடு இட்ட எழுத்துக்கு அங்கே இடமில்லை.

அடுத்த நாள் அந்த எழுத்தை மட்டும், எழுத்தை எண்ணாக்கும் முறைகளான குறியாக்கங்கள் மூன்றில் மூன்று கோப்புகளாகச் சேமித்து, லினக்ஸின் 'ஓடி' கட்டளையால் பைட்டுகளை, அதாவது எட்டு பிட்டுகள் கொண்ட தொகுப்புகளை, பதின்ம எண்களாகப் பார்த்தேன். லத்தீன்-1 கோப்பில் 233, பழைய டாஸ் இயங்குதளத்தின் 437 கோப்பில் 130, யூடிஎஃப்-8 கோப்பில் 195, 169 என இரண்டு பைட்டுகள். லத்தீன்-1 கோப்பை 437 என்று சொல்லித் திறந்தால் கிரேக்கத்தின் பெரிய தீட்டா வந்து நின்றது. எண் மாறவில்லை, அதைப் படிக்கும் அட்டவணைதான் மாறியது.

195, 169 எங்கிருந்து வந்தன என்பதைத் தாளில் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான மகிழ்ச்சி கிடைத்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் பொது அட்டவணையான யூனிகோடும் இந்த எழுத்துக்கு 233 என்ற எண்ணையே தருகிறது. அதன் முதல் 256 இடங்கள் லத்தீன்-1 வரிசையை அப்படியே பின்பற்றுபவை. 233ஐ 11 பிட்டுகளில் எழுதினால் 00011101001. முதல் ஐந்தின் முன் 110 சேர்த்தால் 11000011, அது 195. மீதி ஆறின் முன் 10 சேர்த்தால் 10101001, அது 169. எந்தப் பைட் தொடக்கம், எது தொடர்ச்சி என்பதை அந்த முன்பிட்டுகளே சொல்லிவிடுகின்றன. கணினி அறிஞர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த இந்த யூடிஎஃப்-8 ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். தனியான 233ஐ யூடிஎஃப்-8 என்று படிக்கச் சொன்னால் பைத்தான் பிழை காட்டுவதும் இதனால்தான்: 11101001 என்பது மூன்று பைட் தொடரின் தொடக்கம்போல் இருப்பதால், அது இன்னும் இரண்டு பைட்டுகளை எதிர்பார்க்கிறது.

இவ்வளவும் புரிந்த பிறகும் தேடல் ஏன் தோற்றது என்பது விளங்கவில்லை. மூன்றாம் மாலை பட்டியல் கோப்பையே ஓடியில் இட்டபோது, அச்சொல்லின் முடிவில் 195, 169 இல்லை. 101, 204, 129 இருந்தன. வெறும் ஈ ஒன்றும், அதை அடுத்து 769 என்ற யூனிகோடு எண்ணுடைய தனிச் சாய்கோடும். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடு இரு வடிவங்களையும் சமம் என்றே வரையறுக்கிறது. ஆனால் என் நிரல் எண்களைத்தான் ஒப்பிட்டது.

உடனே தமிழிலும் சோதித்தேன். 'கொ'வைக் ககரமும் ஒகரக் குறியுமாக எழுதினால் யூடிஎஃப்-8இல் 6 பைட்டுகள். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் எனப் பிரித்து எழுதினால் 9. பார்வைக்கு வேறுபாடே இல்லை.

பைத்தானின் யூனிகோடுடேட்டா தொகுதியில் உள்ள 'நார்மலைஸ்' செயற்கூறை, பிரிந்த எழுத்தையும் குறியையும் ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு அமைத்து, தேடும் சொல், பட்டியல் சொல் இரண்டையும் அதன் வழியே செலுத்திய பின் 'கஃபே' கிடைத்தது. மூலக் கோப்பை மாற்றாமல், ஒப்பிடும் நேரத்தில் மட்டும் இதைச் செய்கிறேன். சேர்த்த சொற்கள் வந்த வடிவிலேயே இருக்கட்டும் என்பது என் விருப்பம்.