ஹாமில்டன் அரண்மனையை யார் இடித்தது?

ஸ்காட்லாந்தில் ஹாமில்டன் டியூக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த ஹாமில்டன் அரண்மனைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், வழிகாட்டிகள் நாங்கள் வைத்திருக்கும் பதில் சின்னது: அடியில் நிலக்கரி எடுத்தார்கள், நிலம் உள்வாங்கியது, 1920களில் இடித்துவிட்டார்கள். பொய் இல்லை. அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன்.

"அப்படியானால் என் தாத்தாதான் இடித்தார் என்கிறீர்கள்" என்றார் குழுவிலிருந்த ஒரு பெரியவர். சுரங்கத் தொழிலாளியின் பேரன்.

"இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லையே."

"வேறு எப்படிச் சொன்னீர்கள்?"

பதில் சொல்லாமல் எல்லோரையும் டியூக் குடும்பத்தின் கல்லறை மண்டபத்துக்கு அழைத்துப் போய்விட்டேன். நேரமும் ஆகியிருந்தது, அது உண்மை. வெயிலே இல்லாத ஊரில் எனக்கு வியர்த்ததும் உண்மை.

என்ன சொல்லியிருக்கலாம்? அந்தக் காலத்தில் மண்ணுக்கடியில் இருக்கும் நிலக்கரி நிலக்காரருக்கே சொந்தம். தோண்டியவருக்குக் கூலி, டியூக் குடும்பத்துக்கு ராயல்டி, அதாவது எடுத்த நிலக்கரிக்கான பங்குப் பணம். வீடும் அதற்கு முன்பே காலியாகத் தொடங்கியிருந்தது. கடனில் இருந்த 12-ஆம் டியூக் 1882-இல் 17 நாள் ஏலம் விட்டார். 2,213 உருப்படிகள், கிட்டத்தட்ட 4 லட்சம் பவுண்டு. அங்கே இருந்த ஓவியங்களில், ரூபன்ஸ் வரைந்த சிங்கக் குகை தானியேலும், 10-ஆம் டியூக் கேட்டு பிரெஞ்சு ஓவியர் டேவிட் வரைந்த நெப்போலியனும் இன்று வாஷிங்டனில். அடுத்து வந்த டியூக் அரண்மனையில் குடியிருக்கவும் இல்லை, டன்கேவல் என்ற வேறு வீட்டுக்குப் போய்விட்டார். முதல் உலகப் போரில் கடற்படை மருத்துவமனை. பிறகு சாப்பாட்டு அறையின் மரப்பலகைகள்கூடப் பாஸ்டனுக்குப் போயின.

இதையெல்லாம் நின்றுகொண்டே ஒரு நிமிடத்தில் சொல்ல முடியுமா? முடியாது என்றுதான் முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் யோசித்தால், மண்டபத்துக்குள் எதிரொலியை வைத்துக் கால் மணி நேரம் வேடிக்கை காட்டுகிறவன் நான். அந்த மண்டபமும்தான் அதே சுரங்கங்களால் தாழ்ந்தது. 1921-இல் உள்ளே இருந்த டியூக்குகளின் உடல்களை பென்ட் இடுகாட்டுக்கு மாற்றினார்கள், கட்டடத்தை விட்டுவைத்தார்கள். அப்படியிருக்க, அரண்மனை விழுந்ததற்கு நிலம் மட்டும்தான் காரணமா?

இப்போது "டியூக்கின் நிலக்கரியை எடுத்ததால்" என்று சேர்த்துச் சொல்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் தலையாட்டுகிறார்கள். அதுதான் உறுத்துகிறது. கேட்பவர் முகம் பார்த்துப் பழியை இடம் மாற்றுகிறேனோ? டியூக் சுரங்கத்துக்கு நிலம் தராமல் இருந்திருந்தால் வீடு இன்னும் கொஞ்ச காலம் நின்றிருக்கும். பெரியவரின் தாத்தாவுக்கு வேலை எங்கே கிடைத்திருக்கும்? அதை அவரிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் டியூக் வீட்டுக் கதையைச் சொல்லிச் சம்பளம் வாங்கும் நான் கேட்கிற கேள்வியா அது?