புள்ளி போட்ட நோரிக்கர்

ஆஸ்திரியாவின் மலைக்குதிரை நோரிக்கர். அதில் கறுப்பு, செம்பழுப்பு நிறங்கள்தான் அதிகம். என் மனதைப் பறித்தது அதே இனத்தில் எப்போதாவது பிறக்கும் புள்ளிக்குதிரை. வெள்ளை உடம்பு முழுக்கச் சிறிதும் பெரிதுமாகக் கறுப்புப் புள்ளிகள். எடை எழுநூறு கிலோவைத் தொடும்.

ரோமானியர் காலத்து நோரிக்கம் மாகாணத்தின் பெயர்தான் இதற்கு. ஆனால் இன்று நாம் பார்க்கும் குதிரையை உருவாக்கியதில் சால்ஸ்பர்க் பேராயர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆட்சியும் அவர்கள் கையில் இருந்ததால் 16-ஆம் நூற்றாண்டிலேயே பண்ணை வைத்து வளர்த்தார்கள். ஸ்பானிய, நேப்பிள்ஸ் ரத்தம் கலந்தது அப்போதுதான். புள்ளிக்குதிரை என்றால் அரண்மனைகளில் தனி மவுசு. அதே இனம் மலைப்பாதையில் உப்பு மூட்டையும் சுமந்தது. அந்த உழைப்புதான் இன்றும் அதன் காலில் தெரிகிறது. உயரம் மிதம், மார்பு அகலம், சரிவில் கால் தவறாது. டிராக்டர் ஏறமுடியாத காடுகளில் இன்னமும் மரம் இழுக்கிறது.

சமவெளி வயல்களில் டிராக்டர் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. 1968-இல் முப்பத்து நான்காயிரத்துக்கும் மேல் நோரிக்கர் குதிரைகள் பதிவில் இருந்தன, 1985-இல் பத்தாயிரத்துக்கும் கீழே. இனத்தில் மொத்தம் ஐந்து ஆண் வழிகள் உண்டு, அதாவது ஒரு மூத்த பொலிகுதிரையிலிருந்து தந்தைவழியாக இறங்கும் கிளைகள். அதில் எல்மார் வழிதான் புள்ளிக்குப் பேர்போனது. அது அறுந்துபோகாமல் காத்தவர்களுக்கு நான் மனதாரக் கடன்பட்டிருக்கிறேன்.

ஆஸ்திரியாவின் ராவ்ரிஸ் பள்ளத்தாக்கில் கோடை தொடங்கும்போது பொலிகுதிரைகளை மேய்ச்சலுக்கு மலைமேல் ஓட்டிவிடுவார்கள். அங்கே யார் பெரியவன் என்று முட்டி மோதித் தீர்த்துக்கொண்ட பிறகுதான் மேய்ச்சல். அந்தக் கூட்டத்தில் ஒரு புள்ளிக்குதிரை வேலியோரம் வந்து நின்றது. மூக்கைச் சுற்றி இளஞ்சிவப்புத் தோலில் கருந்திட்டுகள். குளம்பில் மேலிருந்து கீழாக வெளிறிய கோடுகள். கண்ணில் கருவிழியைச் சுற்றி மனிதர்களுக்கு இருப்பதுபோல வெள்ளை வளையம். புள்ளி கலைந்து தெரிந்தாலும் இந்த மூன்றையும் வைத்து அடையாளம் கண்டுவிடலாம்.

இந்த நிறத்துக்குக் காரணமான மரபணு மாற்றம் மிகப் பழையது. கற்காலக் குதிரைகளின் எலும்பிலேயே அது இருந்திருக்கிறது. அது தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் புள்ளி வரும், பார்வைக்குக் குறையில்லை. இரண்டு பக்கமும் வந்தால் உடம்பு ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். புள்ளி ஒன்றிரண்டுதான் தங்கும். அப்படிப்பட்ட குட்டிக்குப் பிறவியிலேயே மாலைக்கண். பகலில் நன்றாகப் பார்க்கும், இருட்டில் தடுமாறும். வயதானாலும் அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

அதனால் புள்ளியோடு புள்ளியைச் சேர்த்தால் புள்ளிக்குட்டிகள் பெருகும் என்ற கணக்கு இங்கே செல்லாது. இந்த மாற்றத்தின் ஒரு பிரதியை மட்டும், அதாவது ஒரு பக்கத்திலிருந்து வந்ததை மட்டும், வைத்திருக்கும் இரண்டு குதிரைகளைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டிக்கு மாலைக்கண் வர வாய்ப்பு. ஒற்றை நிறக் குதிரையோடு சேர்த்தால் அந்த ஆபத்து இல்லை. இந்த மாற்றம் பாதிக் குட்டிகளுக்கு வரலாம். புள்ளி எவ்வளவு தூரம் பரவும் என்பதை வேறு மரபணுக்களும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆக, அவசரப்பட்டு எண்ணிக்கையைக் கூட்ட முடியாது. கூட்டவும் கூடாது என்பதுதான் என் கட்சி.

இணை சேர்க்க நினைப்பவர்கள் முதலில் பிடரிமயிரில் சில இழைகளை வேரோடு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு பிரதியா, இரண்டா என்று தெரிந்துவிடும். அப்புறம் ஜோடி பார்க்கலாம்.