சத்தமில்லாமல் அழுத பிள்ளை

போன வருஷம் ஆடி மாதம், மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில் தெற்குப் பர்மாவில் இருக்கும் தட்டோனிலிருந்து தங்கை மகள் போன் செய்தாள். "பெரியம்மா, இவன் அழறான், ஆனா சத்தமே வரல" என்றாள். பிள்ளைக்கு அப்போது இரண்டரை மாதம். வீடியோவில் காட்டச் சொன்னேன். வாயை அகலத் திறந்து, முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க அழுகிறான். வெளியே வருவது காற்று மட்டும்தான். பக்கத்தில் மழைச் சத்தம் கேட்கிறது, அவன் அழுவது கேட்கவில்லை.

முந்தின நாள் ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். மழைச் சளி, தொண்டை கட்டியிருக்கிறது என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் குடித்த பாலையெல்லாம் கக்குகிறான், மூச்சு வேகமாக வாங்குகிறது, உதட்டில் லேசாக நீலம். நான் ரங்கூனில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும்? உடனே பக்கத்து நகரமான மோல்மேனுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள் என்று கத்தினேன். போனார்கள்.

அங்கே இருந்த வயதான பர்மிய டாக்டரம்மா பிள்ளையின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டபடியே, தாயைப் பார்த்து முதலில் கேட்டது: "நீ என்ன சாப்பிடுகிறாய்?" வெள்ளைச் சோறு, கருவாடு, மஞ்சள் போட்ட ரசம், கொஞ்சம் பூண்டு. பருப்பு கிடையாது, பயறு கிடையாது, கீரை கிடையாது. இரண்டரை மாதமாக இதுதான். அப்புறம் அவளுடைய கெண்டைக்காலை அழுத்திப் பார்த்து, வலிக்கிறதா, பாதம் மரத்துப்போகிறதா என்று கேட்டிருக்கிறார். ஆமாம், ராத்திரியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், பிரசவ அசதி என்று நினைத்தேன் என்றிருக்கிறாள். பிள்ளைக்கு பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். சாயங்காலம் தங்கை போன் செய்தபோது அவள் பேசியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, பின்னால் அவன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். அந்த அழுகையைக் கேட்டு நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பெரிபெரி. இந்தக் காலத்திலுமா என்று கேட்காதீர்கள், இந்த நாட்டில் இன்னும் இருக்கிறது. பர்மாவில் கைக்குழந்தைகளின் உயிரைக் குடிக்கும் நோய்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் கர்ப்பத்தின் கடைசி மாதம் தொடங்கிப் பிள்ளை பிறந்து 3 மாதம் வரை தாய்மாருக்கு பி1 மாத்திரை கொடுக்கச் சொல்லி சுகாதாரத் துறை ஏற்பாடு வைத்திருக்கிறது. என் தங்கை மகளுக்கும் மாத்திரை கிடைத்திருக்கிறது. "சூடு பண்ணும், பால் வத்திடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அலமாரியில் வைத்துவிட்டாள். நான் விசாரித்தபோது அந்த அட்டையை எடுத்துக் காட்டினாள், ஒன்றுகூடக் குறையவில்லை.

எப்படி வருகிறது என்றால், தயமின் என்கிற பி1 சத்து தாயின் உணவில் இல்லாவிட்டால் தாய்ப்பாலிலும் இருக்காது. உடம்பு இதை அதிகமாகச் சேமித்து வைப்பதில்லை. முழு உடம்பிலும் சேர்ந்து சுமார் 30 மில்லிகிராம்தான், சாப்பாட்டில் வராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துபோகும். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1.1 மில்லிகிராம் வேண்டும், பால் கொடுக்கிற தாய்க்கு 1.4. இத்தனூண்டு சத்துதான். அது இல்லாமல் சோற்றிலிருந்து உடம்புக்கு வேண்டிய சக்தியை எடுக்க முடியாது, அதனால் இருதயமும் நரம்பும் முதலில் தடுமாறும். தாய்க்குக் கால் மரத்துப்போவதோடு நிற்கிற வேளையில் பிள்ளையின் இருதயம் சில மணி நேரத்திலேயே நின்றுபோகக்கூடும். பிறந்த முதல் சில மாதங்களுக்குள் பிள்ளைக்குக் குரல் கம்மினாலோ, அழுகையில் சத்தம் இல்லாவிட்டாலோ, கூடவே பால் கக்கி மூச்சு வாங்கினாலோ சளி என்று விடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தாய் என்ன சாப்பிடுகிறாள் என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்து மூன்றாம் மாதத்தில் போய்விட்டானாம். குரல் அடங்கிப்போய்ச் செத்தான், பட்சி தோஷம் என்று மந்திரித்தார்கள் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

எங்கள் அப்பத்தா வீட்டில் நான் வளர்ந்த வரைக்கும் புழுங்கல் அரிசி தவிர வேறு அரிசி உலையில் ஏறியதில்லை. அறுவடை முடிந்ததும் நெல்லை ராத்திரி முழுக்க ஊறவைத்து, விடியற்காலை பெரிய அண்டாவில் அவிப்பார்கள். அந்த வாசனை தெருக்கோடி வரைக்கும் வரும். மூடியைத் திறந்து ஒரு கைப்பிடி நெல்லை எடுத்து அப்பத்தா வெளிச்சத்தில் பார்ப்பார்கள். நெல் வாய் பிளந்திருந்தால் பக்குவம். அப்புறம் பாயில் கொட்டி, காலால் கோடு போட்டுப் போட்டுக் காயவைப்பது எங்கள் வேலை. அரிசி மஞ்சளாக, கண்ணாடி மாதிரி இருக்கும். "பச்சரிசி சாமிக்கு, புழுங்கலரிசி ஆளுக்கு" என்பார்கள். பக்கத்து வீட்டுப் பர்மியப் பிள்ளைகள் எங்கள் சோற்றை நாறுகிறது என்று சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கும்.

அவிக்கும்போது என்ன நடக்கிறது என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. பி1 இருப்பது பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும்தான். அப்படியே மில்லில் தீட்டினால் அதில் பெரும்பகுதி தவிட்டோடு மாட்டுக்குப் போய்விடும். ஊறவைத்து அவித்தால் அந்தச் சத்து தண்ணீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் கழுவினாலும் அவ்வளவு சுலபமாக வெளியே போகாது.

இதைக் கண்டுபிடித்த கதையில் நம் ஆட்களும் இருக்கிறார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நூறு வருஷத்துக்கு முன்னால் மலாயாவில் பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து வந்த வெள்ளை அரிசியைச் சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு வந்தது, அதே ஊரில் இருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு அநேகமாக வரவில்லை. பிராடன் என்கிற டாக்டர் இதைக் கவனித்து அரிசிதான் காரணம் என்று சொன்னார். ஃபிளெட்சர் என்கிற இன்னொரு டாக்டர் 1905-06-இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெள்ளை அரிசியும் மறு பாதிக்கு நம் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். இன்றைக்கு அப்படி ஒரு சோதனையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். வெள்ளை அரிசிப் பக்கம் பலருக்கு நோய் கண்டு 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் ஒருவரும் சாகவில்லை. அந்தக் காலத்தில் ரங்கூன் மில்களிலிருந்து புழுங்கல் அரிசி கப்பல் கப்பலாகச் சிலோனுக்கும் மலாயாவுக்கும் போனது தமிழ்த் தொழிலாளர்களுக்காகத்தான். நம் அடுப்படிப் பழக்கம் அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது, காப்பாற்றுகிறது என்று தெரியாமலே.

அதற்குப் பிறகு ஜாவாவில் 1926-இல் அந்தச் சத்தைத் தனியே பிரித்தெடுத்தார்கள். 1936-இல் அதைச் செயற்கையாகச் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது நம்ம நெல்லூரில். இன்றைக்குக் கிடைக்கும் மலிவு மாத்திரை அவர் உழைப்பு. அதைத்தான் நாம் அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோம்.

புழுங்கல் அரிசியை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது. தன்பியூசயாட்டில், யுத்தத்தின்போது ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில் பாதையின் இந்தப் பக்க முனை இருக்கிறது. 1942, 43-இல் அதைப் போடப் பிடித்துக்கொண்டுபோன கைதிகளும் கூலிகளும் தீட்டிய அரிசியை மட்டும் தின்று கால் வீங்கிச் செத்தார்கள். அதில் தமிழர்கள் எத்தனையோ பேர். போரும் அடியும் காலராவும் சேர்ந்து கொன்றன என்றாலும், தட்டில் இருந்த சோற்றுக்கும் அதில் பங்குண்டு.

சரி, இப்போது நம் வீட்டுக்கு வருவோம். எங்கள் தலைமுறையிலேயே புழுங்கல் போய்விட்டது. பவ்சான் என்கிற பர்மிய வெள்ளை அரிசி வாசமாக இருக்கிறது, முத்து மாதிரி இருக்கிறது, 2011-இல் உலகத்திலேயே சிறந்த அரிசி என்று பரிசு வாங்கியது, விருந்தாளிக்குப் போட்டால் கௌரவம். நான் அதைக் குறை சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் தங்கை மகள் அரிசி களைவதைப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடியாகத் தெளியும் வரைக்கும் நாலு தடவை, ஐந்து தடவை, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். ஏற்கெனவே தீட்டிய அரிசியில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சமும் அந்த வெள்ளைத் தண்ணீரில் போகிறது. வடிப்பவர்கள் வீட்டில் மிச்சம் கஞ்சியோடு போகிறது.

அதற்கு மேலே பத்தியம். இதைச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்கிறேன். பர்மியர்களுக்கு மீத்வின் என்று ஒரு காலம் உண்டு, பிள்ளை பெற்றவளை நெருப்புப் பக்கத்தில் வைத்து, மஞ்சள் பூசி, பலதையும் விலக்கிவிடுவார்கள். நமக்கும் பத்தியம் உண்டு. ஆனால் நம் பழைய பத்தியத்தில் விலக்குவது மட்டுமா இருந்தது? பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, எள், லேகியம், நாள் தள்ளி உளுந்தங்களி என்று வந்துகொண்டே இருந்தது. இங்கே இரண்டு ஜனத்தின் விலக்கும் சேர்ந்துகொண்டு, கொடுக்க வேண்டியது எல்லாம் மறந்துபோய்விட்டது. பருப்பு வாயு, கீரை குளிர்ச்சி, முட்டை சேராது, அவன் வீட்டில் அப்படிச் சொன்னார்கள், இவர்கள் வீட்டில் இப்படிச் சொன்னார்கள். மிஞ்சியது வெள்ளைச் சோறும் கருவாடும்.

உளுந்து இந்த மண்ணில் விளைகிறது. தமிழ்நாட்டில் இட்லிக்கு ஊறப்போடும் உளுந்தில் எவ்வளவோ பர்மாவிலிருந்து கப்பலில் போனது. அதை விளைவிக்கிற ஊரில் பால் கொடுக்கிற தாய்க்கு ஒரு பிடி உளுந்து கிடைக்கவில்லை என்றால் யாரைச் சொல்வது?

நான் எங்கள் வீட்டுப் பெண்களிடம் சொல்லி வைத்திருப்பது இவ்வளவுதான். ஏழாம் மாதத்திலிருந்தாவது வீட்டில் புழுங்கல் அரிசிக்கு மாறுங்கள், கிடைக்காவிட்டால் தவிடு முழுக்கப் போகாத கைக்குத்தல் அரிசி. கல்லும் தூசியும் போக ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை களைந்தால் போதும். வடித்தால் கஞ்சியைக் கொட்டாதீர்கள், உப்புப் போட்டுக் குடியுங்கள். தினமும் ஏதாவது ஒரு பருப்போ பயறோ, வாயு பயமாக இருந்தால் பெருங்காயமும் பூண்டும் போட்டு நன்றாக வேகவைத்து. சீக்கிரம் வேகும் என்று சோடா உப்பு போடாதீர்கள், அது பி1-ஐ அழித்துவிடும். வேர்க்கடலை, எள் சேர்த்துக்கொள்ளுங்கள், பன்றிக்கறி சாப்பிடுகிறவர்கள் என்றால் அதுவும் மிகவும் நல்லது. அப்புறம் டீ. இந்த ஊரில் டீயை விடு என்று சொல்ல எனக்கே மனசு வராது, லப்பெட் என்கிற தேயிலை ஊறுகாயும் அப்படித்தான். ஆனால் டீயும் தேயிலை ஊறுகாயும் வெற்றிலைப் பாக்கும் பி1-ஐக் கெடுக்கின்றன. சாப்பாட்டோடு வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிப் போகட்டும். பாக்கைப் பால் கொடுக்கிற காலத்தில் அறவே விட்டுவிடுங்கள். கொடுக்கிற மாத்திரையை விழுங்குங்கள். பால் வற்றாது.

இது பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும் இல்லை. வெள்ளைச் சோற்றைக் குவித்துத் தொட்டுக்கொள்ள மட்டும் கறி வைத்துச் சாப்பிடுகிற வயதானவர்கள், தினம் குடிக்கிற ஆண்கள், இவர்களுக்கும் கால் மரத்துப்போவது வயசு என்று தள்ளிவிடக் கூடாது. சர்க்கரை இருக்கிறவர்களுக்கும் பொதுவாகப் புழுங்கல் சோறு பச்சரிசிச் சோற்றைவிட நிதானமாகத்தான் சர்க்கரையை ஏற்றும். ஆனால் இரண்டு தட்டு சாப்பிட்டால் எந்த அரிசியும் ஒன்றுதான். காலில் எரிச்சல் இருந்தால் சர்க்கரையையும் சேர்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. போன மாதம் பீலிக்கான் முனீஸ்வரன் கோயிலில் மொட்டை போட்டோம். கத்தி தலையில் பட்டதும் அவன் போட்ட கத்தலில் பக்கத்தில் சாமி கும்பிட்டவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அம்மா பிள்ளையைச் சமாதானப்படுத்தவே இல்லை, சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை பெகுவில் கொழுந்தனார் மகளுக்கு வளைகாப்பு. எல்லோரும் சேலையும் பழமும் கொண்டுபோவார்கள். நான் ஐந்து பியி (பர்மியப் படி) புழுங்கல் அரிசியும் இரண்டு பியி தோல் உளுந்தும் கட்டி வைத்திருக்கிறேன். அரிசியைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் மாமியார் மூக்கைச் சுளிப்பார் என்று தெரியும். அவரிடம்தான் முதலில் பேசப்போகிறேன்.