பதினொருவர் ஆடிய ஹேண்ட்பால்

பந்தைக் கையால் எறிந்து கோல் போடும், இன்று அரங்கத்துக்குள் ஏழு பேர் ஆடும் ஹேண்ட்பாலுக்கு முன்பு, கால்பந்து மைதானத்தின் புல்தரையில் அணிக்குப் பதினொருவராக ஆடப்பட்ட ஒரு மூத்த வடிவம் இருந்தது என்பதும், அதற்கென்று தனி உலகக் கோப்பையே நடந்தது என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஆறு நாடுகள் மோதிய இந்த ஆட்டத்தின் இறுதியில் ஜெர்மனி 10-6 என்று ஆஸ்திரியாவை வென்றது. இரண்டே ஆண்டுகளில், 1938-இல், முதல் உலகக் கோப்பையும் ஜெர்மனியிலேயே நடக்க, இறுதியில் சுவிட்சர்லாந்து ஜெர்மனியிடம் 0-23 என்று தோற்றது. ஓர் இறுதியாட்டத்தில் இப்படியொரு இடைவெளியை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

போருக்குப் பின் 1948-இல் சுவீடன் வென்றது. என் மனம் நிலைப்பது 1963-இல்தான். 1959-இல் ஒரே அணியாக ஆடிக் கோப்பையை வென்ற இரு ஜெர்மனிகளும் நான்கே ஆண்டுகளில், பெர்லின் சுவர் எழுந்துவிட்ட நிலையில், சுவிட்சர்லாந்தில் இறுதியாட்டத்தில் எதிரெதிரே நின்றன. கிழக்கு ஜெர்மனி 14-7 என்று வென்றது.

குளிரும் மழையும் தடுக்காத, வேகம் மிகுந்த உள்ளரங்க ஆட்டம் மெல்ல இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1966-இல் ஆஸ்திரியாவில் மேற்கு ஜெர்மனி வென்றதே ஏழாவதும் கடைசியுமான கோப்பை. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு ஹேண்ட்பால் திரும்பியபோது, களத்தில் எழுவர் மட்டுமே இருந்தனர்.