ரத்தம் குறைந்ததும் கேட்டைத் திறந்துவிடாதீர்கள்

எங்கள் செல்லி நாட்டு நாய். எட்டாவது மாதத்தில் ஒருநாள் காலை, மொசைக் தரையில் சின்னச் சின்னதாய் ரத்தப் பொட்டுகள். முள் குத்தியிருக்கும் என்று நான்கு பாதங்களையும் விரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவளோ பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தாள். அம்மா பார்த்துவிட்டு, "பருவத்துக்கு வந்திருக்குடா" என்றார். காலண்டரில் அன்றைய தேதியை வட்டம் போட்டு வைத்தேன். பின்னால் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அந்தத் தேதிதான்.

முதல் வாரம் கவலையில்லை. கேட்டுக்கு வெளியே நாலைந்து ஆண் நாய்கள் காவல் கிடந்தன. கிட்டே வந்தால் செல்லியே சீறித் துரத்தினாள். பத்தாம் நாள் ரத்தம் வெளிறி, கறி கழுவிய தண்ணீர் மாதிரி ஆனது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அன்று மாலை முதுகைச் சீவிவிடும்போது, சீப்பு வாலடிக்குப் போனதும் அசையாமல் நின்று வாலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். ஏதோ உறுத்த, டாக்டருக்குப் போன் செய்தேன்.

"இனிமேல்தான் ஜாக்கிரதையா இருக்கணும். மனுஷங்க மாதவிடாய் மாதிரி நினைக்காதீங்க" என்றார். பெண்களுக்குக் கரு தங்காதபோது ரத்தம் போகிறது. நாய்க்குக் கருமுட்டை வருவதற்கு முன்பே, கர்ப்பப்பை தயாராகும்போது போகிறது. அது சுமார் 9 நாள். அப்புறம் வரும் 9 நாள் அளவில்தான் ஆணைச் சேர்த்துக்கொள்ளும், சினையும் பிடிக்கும். நாய்க்கு நாய் இந்தக் கணக்கு கூடும், குறையும் என்பதால் மொத்தம் நான்கு வாரம் கட்டிக் காக்கச் சொன்னார்.

அன்றிரவே கேட்டின் அடி இடுக்கைப் பலகை வைத்து அடைத்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு, இரட்டைக் கயிற்றில்தான் நடை. மொட்டை மாடியில்கூடத் தனியாக விடவில்லை.

அடுத்த இரண்டு மாதமும் கவனித்தோம். அந்தச் சமயத்தில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கலாம். அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ, சோர்ந்து படுத்தாலோ, நாற்றத்தோடு ஏதாவது வழிந்தாலோ உடனே தூக்கி வரவேண்டும், உயிருக்கே ஆபத்து என்று சொல்லியிருந்தார். செல்லிக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஆனால் எட்டாம் வாரம் என் பழைய செருப்புகளைக் கட்டிலுக்கடியில் சேர்த்து, குட்டிகளைப் போல அணைத்துப் படுத்தாள். பொய்ச்சினையாம். பார்க்க மனசு கேட்கவில்லை. நாலைந்து நாளில் தானாகவே செருப்புகளை மறந்துவிட்டாள்.

அது முழுக்க அடங்கிய பிறகு கருத்தடை ஆபரேஷன் செய்தோம். தையல் பிரித்த அன்றே முதல் ஆளாக மாடிப்படி ஏறிவிட்டாள்.