நீர் என்றால் கோபமா?

மதுரையிலிருந்து கொழும்புக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. கொழும்பு 6, வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடற்கரை ரயில் பாதைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் மாடி வீடு. கடைப் பலகையிலும் தமிழ், தெருவிலும் தமிழ். 100ஆம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டரின் சிங்களத்துக்குத்தான் பயந்தேன். இடறியதென்னவோ தமிழில்.

கீழ்வீட்டு அன்ரி யாழ்ப்பாணம். வந்த வாரமே, "நீர் சாப்பிட்டிட்டீரோ?" என்று கேட்டார். எங்கள் ஊரில் ஒருவரை 'நீர்' என்றால் ஒன்று ராஜா நாடகம், இல்லை சண்டை. சுருக்கென்றது. ஒதுங்கிப் போக ஆரம்பித்தேன்.

அவருடைய பேத்திக்கு நாலு வயது. படியில் எட்டிப் பார்த்தால் "வாடி தங்கம், என்னடி வேணும்?" என்பேன். கொஞ்சுவதற்கு எனக்குத் தெரிந்த பாஷை அது. கொஞ்ச நாளில் பிள்ளை மேலே வருவது நின்றுவிட்டது.

ஒரு சாயங்காலம் அன்ரி தேத்தண்ணியோடு வந்தார். "பிள்ளை, உம்மோட கொஞ்சம் கதைக்கவேணும். உமக்கு என்னில ஏதும் கோவமே?"

தயங்கித் தயங்கி 'நீர்' விஷயத்தைச் சொன்னேன். பதறிப்போனார். "ஐயோ, 'நீ' எண்டால்தான் குறைவு. 'நீங்கள்' எண்டால் ஆரோ தூரத்து ஆள் மாதிரி. என்ர மனுசன் கடைசி வரைக்கும் என்னை 'நீர்' எண்டுதான் கதைச்சவர்." கண் கலங்கியிருந்தது.

பேத்தி ஏன் வருவதில்லை என்று கேட்டேன். "மேல்வீட்டு அன்ரி எனக்குப் பேசுறா எண்டு அழுதவ."

"ஆமா, ஆசையாத்தானே பேசினேன்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இங்கே பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதை இவர்கள் கதைப்பது என்கிறார்கள். அந்த வீட்டில் குழந்தையிடமும் "வாங்கோ, சாப்பிடுங்கோ"தான்; என் வாடி போடி அதற்கு அதட்டலாகக் கேட்டிருக்கிறது.

அன்ரி என்னைக் குறை சொல்ல வரவில்லை, கோபமா என்று கேட்க வந்தார். வயதில் மூத்தவர், அதுவும் வீட்டுக்காரர். அவர் அன்று படியேறியிருக்காவிட்டால் நான் வேறு வீடு பார்த்திருப்பேன்.

மறுநாள் பேத்தி படியில் நின்றாள். "வாங்கோ தங்கம்" என்றேன். கைப்பிடியை விடாமல் கேட்டாள், "பேசமாட்டீங்கள்தானே?"

"இல்லை கண்ணா, கதைக்கத்தான்."

மிச்சப் படியையும் ஏறி வந்தாள்.