கிளாக் டிரிகர் பாலிஷ்: கரகரப்பு இருந்த இடம் பிளஞ்சர்

கிளாக் 19 கைத்துப்பாக்கியின் டேக்-அப்பில் (டிரிகர் கெட்டிப்படும்வரை இழுபடும் தளர்வான தூரம்) இருந்த கரகரப்பு ஒருவழியாகப் போயிற்று. கனெக்டர் எனும் சிறு கோணத் தகட்டை எவ்வளவு மினுக்கியும் மசியவில்லை. காரணம், ஸ்லைடுக்குள் (நகரும் மேல்பகுதி) இருக்கும் ஃபயரிங் பின் சேஃப்டி பிளஞ்சர்: டிரிகரை இழுக்காதவரை தோட்டாவைக் குத்தும் ஸ்ட்ரைக்கரைத் தடுத்து நிறுத்தும் சிறு உருளை. டிரிகரோடு சேர்ந்து நகரும் டிரிகர் பாரின் செங்குத்து நீட்சி பின்னால் வரும்போது இதன் விளிம்பில் உரசித்தான் இதை மேலே தள்ளுகிறது. விளிம்பில் கடைசல் வரிகள் இருந்தால் விரலுக்கு அத்தனையும் தெரியும்.

எங்கே உரசுகிறது என்று மார்க்கர் மையே சொல்லிவிடும். துப்பாக்கி காலி என்பதை இருமுறை பார்த்துவிட்டு, உரசும் முகங்களில் மை தடவிப் பூட்டி, டிரை ஃபயர் (தோட்டா இல்லாமல் டிரிகரை இழுப்பது) செய்து கழற்றினால் மை அழிந்த இடம் பளிச்சென்று தெரியும். அங்கு மட்டும்தான் வேலை.

பிளஞ்சரின் தண்டில் டேப் சுற்றி டிரில் சக்கில் மெதுவாகப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் சக்கின் தாடை கீறிவிடும். மிகக் குறைந்த வேகம். எண்ணெய் தொட்ட 1000 நம்பர் உப்புத்தாள், பிறகு 2000, கடைசியில் ஃபெல்ட்டும் பாலிஷ் பேஸ்ட்டும். வரிகளின் முனை மழுங்கினால் போதும், கண்ணாடியாக வேண்டியதில்லை. விளிம்பைத் தேய்த்துச் சரித்துவிட்டால் பார் அதை முழு உயரம் தூக்காது, ஸ்ட்ரைக்கர் பிளஞ்சரில் இடித்துக்கொண்டே போகும். அதனால் முன்னும் பின்னும் மைக்ரோமீட்டரில் உயரம் பார்ப்பது நல்லது. பழைய பிளஞ்சரைப் பத்திரமாக வைத்துவிட்டு, உதிரியாக ஒன்று வாங்கி அதில் கை வைப்பது உத்தமம். கனெக்டருக்கும் இதே கதைதான்: விலை குறைவு, கோணம் கெட்டால் மீட்க வழியில்லை. ஐஸ் குச்சியில் தாளை ஒட்டித் தட்டையாகத் தேய்த்தால் கோணம் தப்பிக்கும். பூச்சின் நிறம் மாறத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும்.

டிரிகர் பாரின் பின்பக்கச் சிலுவைத் தகடு ஸ்ட்ரைக்கரைப் பிடிக்கும் முகத்தில் மட்டும் ரோட்டரி டூல் கூடவே கூடாது. அந்த விளிம்பு உருண்டால் ஸ்ட்ரைக்கர் நழுவலாம், தானாக வெடிக்கும் ஆபத்து உண்டு.

பாலிஷ் செய்தே இழுவையை மூன்று பவுண்டுக்கு இறக்கினேன் என்பவர்களின் தராசைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 5.5 பவுண்டு, அதாவது சுமார் 2.5 கிலோ, பெரிதாகக் குறையாது. மாறுவது வழவழப்பு. எடையைத் தீர்மானிப்பவை ஸ்பிரிங்கும் கனெக்டர் கோணமும்.

பேஸ்ட்டைத் துளிகூட விடாமல் கழுவ வேண்டும். ஸ்ட்ரைக்கர் ஓடும் குழாயில் எண்ணெயும் கூடாது. பிறகு சோதனை. ஸ்லைடைத் தனியே எடுத்து, ஸ்ட்ரைக்கரின் காலைப் பின்னிழுத்து மெதுவாக விட்டு, விரலால் முன்னே அழுத்தினால் முனை வெளியே வரக்கூடாது. பிளஞ்சரை அழுத்தியபின் வர வேண்டும். பூட்டியபின் டிரிகரைப் பிடித்தபடி ஸ்லைடை இழுத்துவிட்டு, டிரிகரை மெல்லத் தளர்த்தினால் அது மறுபடி தயாராவதைக் காட்டும் ரீசெட் 'டிக்' கேட்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பழைய பாகங்கள் திரும்ப உள்ளே.

டேக்-அப் முடிந்து டிரிகர் கெட்டிப்படும் இடத்துக்குப் பிறகு லேசான இழைவு இன்னும் மிச்சம். அது கனெக்டர் பக்கம். இந்தக் கட்டம் முடியவில்லை. அதற்குள் 1911 கைத்துப்பாக்கியின் சியர் (சுத்தியலைப் பிடித்து வைக்கும் பாகம்) மேல் ஆசை வந்துவிட்டது. அதற்கு ஜிக் (கோணம் மாறாமல் பிடிக்கும் சாதனம்) இல்லாமல் கல்லைத் தொடுவதாக இல்லை. ஜிக்கும் பீங்கான் கல்லும் வந்த பிறகுதான்.